அமைதிக்கு விலை கொடுத்தவர்கள் யார்? சூப்பர்ஹீரோ கதைகளின் சங்கடமான முடிவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழ்க்காணும் பதில்களில் பல கதைகளின் முடிவுகள் ஒளிவுமறைவின்றிச் சொல்லப்படுகின்றன. குறிப்பாக, 'வாட்ச்மென்' காமிக்ஸை இன்னும் படிக்காதவர்கள் அதை முடித்துவிட்டு வருவது நல்லது. வேறு எந்தக் கதையின் முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டாலும் அவ்வளவு இழப்பில்லை, இதில் உண்டு.

சரி, தவறு தெளிவாகாத முடிவு என்று எதைச் சொல்கிறோம்? கதையை அந்தரத்தில் விடுவதும் இதுவும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. நாயகன் பிழைத்தானா இல்லையா என்று காட்டாமல் திரையை இருட்டாக்குவது தகவலை ஒளித்துவைக்கும் உத்தி. அடுத்த பாகம் வந்ததும் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். இங்கே பேசப்படும் முடிவில் எதுவும் ஒளிக்கப்படுவதில்லை. யார் என்ன செய்தார், எதற்காகச் செய்தார், அதனால் என்ன விளைந்தது என்பதெல்லாம் வாசகருக்கு முழுமையாகத் தெரிந்துவிடுகிறது, தெரிந்த பிறகும் "செய்தது சரிதானா?" என்ற கேள்வி அடங்க மறுக்கிறது. வில்லனுக்கு ஒரு துயரமான இளமைப் பருவத்தைக் கொடுத்துவிட்டால் போதும், கதை ஆழமாகிவிடும் என்று நம்புகிற எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். அது அனுதாபத்தைத்தான் தரும், சங்கடத்தைத் தராது.

தொடக்க காலக் கதைகளில் இத்தகைய முடிவுகள் ஏன் காணப்படவில்லை?

எழுதத் தெரியாததால் அல்ல, எழுத விடாததால் என்பதே பெருமளவு உண்மை. 1954-இல் அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளர்கள், அரசின் தலையீட்டுக்கு அஞ்சித் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். எல்லாக் கதையிலும் நன்மையே தீமையை வெல்ல வேண்டும், குற்றவாளி தண்டிக்கப்பட்டே தீர வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. 1971-இல் விதிகள் தளர்த்தப்பட்டன. பின்னர், காமிக்ஸுக்கென்றே தனிக் கடைகள் பெருகி, தணிக்கை முத்திரை இல்லாத இதழ்களையும் விற்கலாம் என்ற நிலை வந்தது. மார்வெல் நிறுவனம் 2001-இலும், டிசி நிறுவனம் 2011-இலும் அந்த முத்திரையை முற்றாகக் கைவிட்டன.

எல்லா விவாதமும் 'வாட்ச்மென்' கதையிலேயே வந்து நிற்கிறதே, அதன் முடிவில் அப்படி என்னதான் நடக்கிறது?

ஆலன் மூர் எழுதி, டேவ் கிப்பன்ஸ் வரைந்து, 1986-87-இல் பன்னிரண்டு இதழ்களாக வெளிவந்த கதை அது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அணு ஆயுதப் போரின் விளிம்பில் நிற்கும் 1985-ஆம் ஆண்டில் கதை நிகழ்கிறது. முன்னாள் முகமூடி வீரரும், உலகின் மிகச் சிறந்த அறிவாளி என்று போற்றப்படுபவருமான ஏட்ரியன் வைட், இந்தப் போரை நிறுத்த ஒரே வழிதான் உண்டு என்று முடிவு செய்கிறார்: இரு நாடுகளும் சேர்ந்து அஞ்சும்படியான ஓர் எதிரியை உருவாக்க வேண்டும். பல ஆண்டுகள் திட்டமிட்டு, வேற்றுக்கிரகத்திலிருந்து வந்ததுபோல் தோன்றும் ஒரு செயற்கை உயிரியை நியூயார்க்கின் நடுவில் வெடிக்கச் செய்கிறார். நகரின் பாதி மக்கள் மாண்டுபோகிறார்கள். சில மணி நேரத்துக்குள் வல்லரசுகள் பகையை நிறுத்திவைத்துக் கைகோக்கின்றன.

அவரைத் தடுக்க வரும் நாயகர்கள் தாமதமாகவே வந்து சேர்கிறார்கள். திட்டத்தை விளக்கி முடிக்கும் ஏட்ரியன், அது முப்பத்தைந்து நிமிடங்களுக்கு முன்பே நிறைவேறிவிட்டது என்கிறார். இனி அவர்கள் முன் இருப்பவை இரண்டு வழிகள்: உண்மையை உலகுக்குச் சொல்லிப் பிறந்த அமைதியைக் குலைப்பது, அல்லது வாய்மூடி இருந்து கொலையில் பங்காளிகளாவது. நைட் அவுல், சில்க் ஸ்பெக்டர், கடவுளுக்கு நிகரான ஆற்றல் கொண்ட டாக்டர் மன்ஹாட்டன் ஆகிய மூவரும் மௌனத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ரோர்ஷாக் மட்டும் மறுக்கிறார். அவரை டாக்டர் மன்ஹாட்டன் பனியில் கொன்றுவிடுகிறார். ஆனால் ரோர்ஷாக் முன்னதாகவே தம் நாட்குறிப்பை ஒரு வலதுசாரிப் பத்திரிகைக்கு அஞ்சல் செய்திருக்கிறார். கடைசிப் படத்தில் அந்தப் பத்திரிகையின் உதவியாளன் ஒருவன் வாசகர் கடிதக் குவியலை நோக்கிக் கை நீட்டுகிறான். அதில் அந்த நாட்குறிப்பும் கிடக்கிறது.

கோடிக்கணக்கானோரைக் காக்கப் பல லட்சம் பேர் என்றால் கணக்கு சரியாகத்தானே வருகிறது?

கணக்கு சரியாக வருவதுபோல் தோன்றச் செய்வதுதான் அந்தக் கதையின் சாமர்த்தியம். பொறுமையாகக் கூட்டிப் பார்த்தால் பல இடங்களில் இடறுகிறது.

முதலாவதாக, கழிக்கப்படும் எண் உண்மையானது, கூட்டப்படும் எண் ஊகம். இறந்தவர்கள் இறந்துவிட்டார்கள், போர் வந்தே தீரும் என்பதற்கோ ஏட்ரியனின் கணிப்பைத் தவிர வேறு ஆதாரமில்லை. நம் உலகிலும் 1980-களில் அந்த அச்சம் இருந்தது. அணு விஞ்ஞானிகள் 1947 முதல் பேணிவரும் அடையாளக் கடிகாரம் 1984-இல் நள்ளிரவுக்கு, அதாவது பேரழிவுக்கு, மூன்று நிமிடம் என்று காட்டியது. ஆயினும் பெருநகரம் எதுவும் அழியாமலே அந்த நெருக்கடி கடந்துபோனது.

இரண்டாவது இடறல் பலரும் கவனிக்காமல் தாண்டிச் செல்வது. கதையில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைவது, டாக்டர் மன்ஹாட்டன் பூமியை விட்டு வெளியேறிய பிறகுதான். அவர் இருந்தவரை எதிர்த் தரப்பு அசையத் துணியவில்லை. அவரை வெளியேறச் செய்தது யார்? அவருடன் பழகியவர்களுக்குத் திட்டமிட்டுப் புற்றுநோயை வரவழைத்து, அந்தப் பழியை அவர்மேல் விழச் செய்த ஏட்ரியன்தான். தத்துவவியலாளர் பிலிப்பா ஃபுட் 1967-இல் முன்வைத்த புகழ்பெற்ற ரயில் சிக்கலில், ஓடிவரும் வண்டியை ஐந்து பேர் பக்கமிருந்து ஒருவர் பக்கம் திருப்பலாமா என்று கேட்கப்படுகிறது. அங்கே வண்டியை ஓட்டுபவர் அந்த ஆபத்தை உருவாக்கியவர் அல்லர். ஏட்ரியனோ வண்டியைச் சரிவில் தள்ளிவிட்டு, அடுத்த நொடியில் திசைமாற்றும் கம்பியையும் தாமே பிடித்துக்கொள்கிறார்.

மூன்றாவதாக, நியூயார்க்குக்கு முன்பே பிணங்கள் விழத் தொடங்கிவிட்டன. திட்டத்தை அறிந்துகொண்ட கமீடியன் என்ற முகமூடி வீரர், அந்த உயிரியை உருவாக்கிய கலைஞர்களும் அறிவியலாளர்களும், ஏட்ரியனிடமே பணியாற்றிய மூன்று உதவியாளர்கள் என இரகசியம் தெரிந்தவர்களும் தெரிந்திருக்கக்கூடியவர்களும் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். இவர்களில் ஒருவர் மரணமும் போரைத் தடுக்கவில்லை. இரகசியத்தைக் காக்க மட்டுமே உதவியது.

இவை எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு வாதமாக வராமல் படமாக வருகிறது. கதை நெடுகிலும் ஒரு தெருமுனைப் பத்திரிகைக் கடை வந்துகொண்டே இருக்கும். கடைக்காரர் யாரிடமாவது உலக நடப்பைப் பேசியபடி இருப்பார். பக்கத்தில் ஒரு சிறுவன் காசு கொடுக்காமல் கடற்கொள்ளையர் காமிக்ஸைப் படித்துக்கொண்டிருப்பான். நாயகர்களின் சண்டைக்கு நடுவே இவர்கள் எதற்கு என்று முதல் வாசிப்பில் எரிச்சல்கூட வரலாம். பதினோராம் இதழின் இறுதியில் வானம் வெளுக்கும்போது, முதியவர் அந்தச் சிறுவனை அணைத்துக்கொள்கிறார். இரண்டு உருவங்களும் ஒன்றாகி, பிறகு வெறும் வெண்மையாகிவிடுகின்றன. அடுத்த இதழின் முதல் ஆறு பக்கங்களும் முழுப்பக்கப் படங்கள். சிதறிக் கிடக்கும் உடல்களைத் தவிர அவற்றில் வேறு யாருமில்லை, ஒரு வசனமும் இல்லை. ஏட்ரியனின் கணக்கில் இவர்கள் ஒரு பெரிய எண்ணின் கடைசி இலக்கங்கள். பதினோரு இதழ்களாக அவர்களுடன் அந்தத் தெருவில் நின்றிருந்த வாசகருக்கு அப்படி இருக்க முடியாது.

ஏட்ரியன் வருந்துகிறாரே, அதனால் அவர் வில்லன் அல்லர் என்று கொள்ளலாமா?

இறந்த ஒவ்வொருவரையும் தாம் உணர்ந்ததாக அவர் சொல்கிறார். பொய் என்று கருதக் காரணமில்லை. அருவருப்பான ஒன்றை நோக்கி நீந்திச் செல்வதாகத் தமக்குக் கனவு வருவதையும் சொல்லத் தொடங்கிவிட்டு, அது முக்கியமில்லை என்று நிறுத்திக்கொள்கிறார். அந்தச் சிறுவன் படித்த கடற்கொள்ளையர் கதை நினைவில் இருப்பவர்களுக்கு இந்தக் கனவு உடனே புரியும். அதன் நாயகனான மாலுமி, கொள்ளைக் கப்பல் தன் ஊரைத் தாக்கப்போகிறது என்று நம்பி, அதை முந்திக்கொண்டு ஊர் திரும்ப எந்தக் கொடுமைக்கும் துணிகிறான். இறுதியில் தன் மனைவியையே பகைவர் என்று எண்ணித் தாக்கிவிடுகிறான். ஊருக்கு ஆபத்தே வரவில்லை. கப்பல் காத்திருந்தது அவனுக்காகத்தான்; அவன் நீந்திச் சென்று அதில் ஏறிக்கொள்கிறான்.

அரசியலில் கறைபடியும் கைகளைப் பற்றி 1973-இல் எழுதிய அரசியல் தத்துவவியலாளர் மைக்கேல் வால்சர், நன்மைக்காகத் தீமை செய்ய நேர்ந்தவர் தம்மைக் குற்றவாளி என்று ஏற்று அதற்கான விலையையும் கொடுக்க வேண்டும் என்று வாதிட்டார். ஏட்ரியன் வருத்தம் என்ற பாதியை ஏற்றுக்கொள்கிறார். விலை என்ற மறுபாதியை நியூயார்க் மக்களிடம் விட்டுவிடுகிறார். தாம் செய்தது சரிதானே, முடிவில் எல்லாம் நலமாக முடிந்ததே என்று அவர் கேட்கும்போது, எதுவும் ஒருபோதும் முடிவதில்லை என்று டாக்டர் மன்ஹாட்டன் சொல்லிவிட்டு மறைகிறார். அதை மன்னிப்பாகவும் எடுத்துக்கொள்ள முடியாது, தண்டனையாகவும் எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால், உண்மைக்காக உயிரை விட்ட ரோர்ஷாக்தான் கதையின் அறவாளரா?

பலர் அப்படி விரும்புகிறார்கள். உலகமே அழிந்தாலும் சமரசமில்லை என்ற அவருடைய சொல்லில் ஒரு கவர்ச்சி உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஆறாம் இதழின் பின்னிணைப்பில் அவர் சிறுவனாக இருந்தபோது எழுதிய ஒரு கட்டுரை தரப்பட்டிருக்கிறது. ஜப்பான்மேல் அணுகுண்டு வீசியதால் பல உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று கூறி, அதிபர் ட்ரூமனை அதில் அவர் பாராட்டுகிறார். ஏட்ரியனின் கணக்கும் அதுவே. ஆக, சமரசமற்றவர் என்று பெயரெடுத்தவரும் அதே கணக்கை ஒருமுறை போட்டு விடையை ஏற்றுக்கொண்டவர்தான். இதைக் கதை எங்கும் சுட்டிக்காட்டிப் பேசுவதில்லை. பின்னிணைப்பைத் தாண்டிச் செல்பவர்களுக்கு இது கிடைப்பதும் இல்லை. சித்திரவதை செய்தும் விரல்களை ஒடித்தும் உண்மையைப் பெறுகிற ஒருவரிடம் உண்மையின் காவலர் பட்டத்தை ஒப்படைக்கவும் எனக்குத் தயக்கமாகவே இருக்கிறது.

தன்னைத் தியாகம் செய்வதும் பிறரைப் பலியிடுவதும் ஒரே தராசில் நிறுக்கத் தக்கவையா?

இல்லை. இதற்கு நேர்த்தியான ஓர் எடுத்துக்காட்டு மார்வெல் திரைப்படங்களில் இருக்கிறது. 2018-இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' படத்தில், பிரபஞ்சத்தின் உயிர்களில் பாதியை அழித்தால் மீதிப் பாதி வளமாக வாழும் என்று நம்பும் தானோஸ், ஒரு மணிக்கல்லைப் பெறுவதற்காகத் தான் வளர்த்த மகள் கமோராவை மலை உச்சியிலிருந்து வீசி எறிகிறான். கண்ணீர் விட்டுக்கொண்டேதான் எறிகிறான். தான் பெரிதாக இழந்துவிட்டதாகவும் உளமார நம்புகிறான். 2019-இல் வந்த அடுத்த படத்தில், அதே உச்சியில், அதே கல்லுக்காக, நாயகர் அணியைச் சேர்ந்த நண்பர்களான நடாஷாவும் கிளின்ட்டும் நிற்கிறார்கள். "நான்தான் சாவேன்" என்று ஒருவரையொருவர் அடித்து வீழ்த்திச் சண்டையிடுகிறார்கள். நடாஷா வெல்கிறாள், அதாவது விழுகிறாள். இடமும் விலையும் ஒன்றே. முதல் முறை விலை கொடுத்தவளை யாரும் கேட்கவில்லை.

"தன்னுயிர் நீப்பினும் செய்யற்க தான்பிறிது இன்னுயிர் நீக்கும் வினை" என்ற குறள் இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறது. ஆனாலும் தன்னைக் கொடுப்பவர்களின் கதைகளில் சங்கடமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அதே 2019 படத்தில், தானோஸ் அழித்த பாதி உயிர்களை மீட்க உதவும் நாயகர் டோனி ஸ்டார்க், இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் நடந்தவை மாறக் கூடாது என்று ஒரு நிபந்தனை வைக்கிறார். அந்த ஆண்டுகளில்தான் அவருக்கு மகள் பிறந்திருக்கிறாள். தந்தையாக அதைக் குறைசொல்ல முடியாது. ஆயினும் அந்த நிபந்தனையால், உலகெங்கும் துக்கத்தில் கழிந்த ஐந்து ஆண்டுகள் அழியாமல் நிலைத்துவிடுகின்றன. இறுதியில் பிறரைக் காக்க அவர் ஏற்கும் மரணம் அவ்வளவு உருக்கமாக அமைந்துவிட்டதால் இந்தக் கேள்வி படத்துக்குள் எழவே இல்லை. எழுப்பியிருந்தால் இன்னும் நல்ல படமாகியிருக்கும்.

நன்மைக்காகச் சொல்லும் பொய்யைக் குறளே ஏற்கிறதே? பேட்மேன் பழியை ஏற்றதும் அப்படித்தானே?

"பொய்மையும் வாய்மை யிடத்த" என்பதை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது வழக்கமாகிவிட்டது. குற்றமற்ற நன்மையைத் தருமானால் என்ற நிபந்தனை அதே குறளில் தொடர்ந்து வருகிறது.

2008-இல் வந்த 'தி டார்க் நைட்' படத்தின் முடிவில், நேர்மையான வழக்கறிஞராக மதிக்கப்பட்ட ஹார்வி டென்ட் கடைசியில் கொலைகாரராக மாறியது தெரிந்தால் நகரம் நம்பிக்கை இழந்துவிடும் என்று கருதி, அந்தக் கொலைகளின் பழியைப் பேட்மேன் தம்மேல் ஏற்றுக்கொள்கிறார். ஏட்ரியனோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். பொய்யின் சுமை பொய் சொன்னவர் தோளிலேயே விழுகிறது. படம் பார்த்தவர்கள் சிலிர்த்துப்போனதும் அதனால்தான். ஆனால் 2012-இல் வந்த அடுத்த பாகம் ஒரு கசப்பான பின்குறிப்பைச் சேர்க்கிறது. டென்ட்டின் பெயரால் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, அதன்கீழ் கைதிகள் பரோல் கூட மறுக்கப்பட்டு எட்டு ஆண்டுகளாக அடைபட்டிருக்கிறார்கள். அந்தப் பொய்க்கு அவர்களும் விலை கொடுத்திருக்கிறார்கள், ஏன் கொடுக்கிறோம் என்று தெரியாமலே. உண்மையை வெளியிடும் வாய்ப்பு நகரத்தின் காவல் தலைவர் கோர்டனிடம் இருந்தது. அவர் தயங்கியதால் அது பேன் என்ற பயங்கரவாதியின் கைக்குப் போய், சிறைக்கதவை உடைக்கும் ஆயுதமாகிறது.

நாயகர்கள் உலகத்தையே ஆளத் தொடங்கிவிட்டால் அமைதி வந்துவிடாதா?

அதையும் எழுதிப் பார்த்துவிட்டார்கள். மார்க் க்ரூன்வால்ட் எழுதி, 'வாட்ச்மென்' தொடங்குவதற்குச் சற்று முன்பாக 1985-86-இல் வந்த 'ஸ்குவாட்ரன் சுப்ரீம்' தொடரில், நாயகர்கள் ஓராண்டுக்குள் பசியையும் குற்றத்தையும் ஒழிப்பதாக உறுதியெடுத்து ஆட்சியை ஏற்கிறார்கள்; குற்றவாளிகளின் மனத்தை மாற்றியமைக்கும் ஓர் இயந்திரத்தையும் பயன்படுத்துகிறார்கள். அவர்களில் ஒருவரான நைட்ஹாக் மட்டும் எதிர்த்து வெளியேறி, எதிர்ப்பிலேயே உயிர்விடுகிறார். இப்படியொரு ஏற்பாடு தீயவர் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்ற அவருடைய கேள்விக்குப் பதில் இல்லாததால், வென்றவர்கள் ஆட்சியைத் துறக்கிறார்கள். படங்களின் தரத்தில் 'வாட்ச்மென்' அருகே வர முடியாது. ஆனால் இந்தக் கேள்வியை அதைவிட நேரடியாகக் கேட்ட தொடர் இது.

இத்தகைய முடிவுகள் எழுத்தாளர் மட்டும் எடுக்கும் தீர்மானமா?

எப்போதும் அப்படி இல்லை. 1980-இல் வெளிவந்த 'எக்ஸ்-மென்' 137-ஆம் இதழில் அதன் நாயகியரில் ஒருத்தியான ஜீன் கிரே தன்னைத்தானே அழித்துக்கொள்கிறாள். எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட்டும் ஓவியர் ஜான் பைர்னும் முதலில் அமைத்த முடிவில் அவள் ஆற்றல்களை மட்டும் இழந்து உயிருடன் இருந்தாள். ஆனால் அதற்கு முன் அவள் ஒரு விண்மீனை விழுங்கி, அதைச் சார்ந்த கிரகத்தில் வாழ்ந்த 500 கோடி உயிர்களை அழித்திருந்தாள். அதற்கு ஆற்றல் இழப்பு மட்டும் தண்டனையாகாது என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் மறுத்துவிட, முடிவு மாற்றப்பட்டது. கைவிடப்பட்ட வடிவம் 1984-இல் தனியாக அச்சானது. வாசகர்கள் நாயகியின் தியாகம் என்று கண்ணீர் விட்ட காட்சி, தண்டனை போதாது என்ற ஆசிரியரின் ஆட்சேபத்தில் பிறந்தது. அந்த ஆட்சேபம் நியாயமானது என்றே கருதுகிறேன்.

2009-இல் வந்த 'வாட்ச்மென்' திரைப்படத்தில் வேற்றுக்கிரக உயிரிக்குப் பதிலாக டாக்டர் மன்ஹாட்டன்மேல் பழி போட்டார்களே, அதனால் வேறுபாடு உண்டா?

கதைப்பின்னல் இறுகுகிறது, அரசியல் தளர்கிறது. மன்ஹாட்டன் அமெரிக்க அரசுக்காகப் பணியாற்றியவர். அவர் தாக்கினார் என்றால் மற்ற நாடுகள் அமெரிக்காவுடன் கைகோக்குமா, கணக்குத் தீர்க்க வருமா என்பது ஐயத்துக்குரியது. முற்றிலும் அந்நியமான எதிரி இரு தரப்பையும் இணைக்கும் என்ற எண்ணமோ கற்பனையில் மட்டும் இருந்ததல்ல. 1987 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் பேசிய அதிபர் ரொனால்ட் ரீகன், வேற்றுக்கிரக ஆபத்து வந்தால் நம் வேற்றுமைகள் எவ்வளவு விரைவில் மறையும் என்று வியந்து பேசினார். 'வாட்ச்மென்' கடைசி இதழ் வெளிவந்ததும் அதே காலத்தில்தான்.

ரோர்ஷாக்கின் அந்த நாட்குறிப்புக்கு என்ன ஆயிற்று? தொடர்ச்சிகள் பதில் சொல்கின்றனவா?

மூல ஆசிரியரின் பங்களிப்பு இல்லாமல் வந்த தொடர்ச்சிகள் சொல்கின்றன. 2017-இல் தொடங்கிய டிசி காமிக்ஸ் தொடர் ஒன்றில் நாட்குறிப்பு வெளியாகி, ஏட்ரியனின் சதி அம்பலமாகி, அமைதி குலைந்துபோகிறது. 2019-இல் எச்பிஓ வெளியிட்ட ஒன்பது பகுதித் தொலைக்காட்சித் தொடர் வேறு வழியில் செல்கிறது. நாட்குறிப்பை நம்பியவர்கள் ஒரு நிறவெறிக் கும்பலாகத் திரண்டிருக்கிறார்கள். மற்றவர்கள் வேற்றுக்கிரகக் கதையையே இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டில் எனக்கு மதிப்பு இரண்டாவதன்மேல்தான். காரணம், அதில் வரும் வேட் என்ற பாத்திரம். தாக்குதல் நடந்த இரவில் ஆற்றுக்கு மறுகரையில் இருந்த ஒரு கண்காட்சியில், கண்ணாடிகள் நிறைந்த அறைக்குள் இருந்ததால் உயிர்தப்பிய இளைஞர் அவர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அது மீண்டும் வரும் என்ற அச்சத்தில் தொப்பிக்குள் பாதுகாப்பு உறை அணிந்து, வீட்டுக்குப் பின்னால் நிலவறை கட்டி, எச்சரிக்கை மணிக்குக் காது கொடுத்தே வாழ்கிறார். மணவாழ்வும் அதில் கரைந்துவிடுகிறது. பிறகு ஒருநாள் ஏட்ரியனே பேசிப் பதிவுசெய்த ஒரு காணொளி அவருக்குக் காட்டப்படுகிறது. எல்லாம் ஒரு மனிதர் ஏற்பாடு செய்தது என்று அதில்தான் அவர் தெரிந்துகொள்கிறார். இறுதிப் பகுதியில் முன்னாள் சில்க் ஸ்பெக்டரான லாரி, முன்பு மௌனம் காத்த அதே லாரி, ஏட்ரியனைக் கைது செய்கிறாள். உண்மை வெளிவந்தால் உலகம் அழிந்துவிடும் என்று ஏட்ரியன் மறுபடியும் வாதாடத் தொடங்குகிறார். அவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்காமல், கையிலிருந்த இரும்புக் கருவியால் அவரை அடித்து வீழ்த்துபவர் வேட்.